பூல் பந்துகளுக்குப் பாலிஷ் இயந்திரம்: சேலத்தில் பொருள் வாங்கி ஏற்காட்டில் கட்டிய கதையும் செய்முறையும்

ஏற்காட்டில் ஒரு சிறிய தங்கும் விடுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்குள்ள விளையாட்டு அறையில், பில்லியர்ட்ஸ் வகை ஆட்டமான பூல் ஆடுவதற்கு ஒரு மேசை இருக்கிறது. பனிமூட்டமும் ஈரமும் மாறி மாறிப் புகும் அறையில் கியூ எனும் அடிக்கும் கோலின் முனையில் தேய்க்கும் நீலச் சாக்பொடி பந்தின் மேல் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை பதினாறு பந்துகளையும் கையால் துடைத்துத் துடைத்து மணிக்கட்டு வலி கண்ட பிறகுதான் இயந்திரம் கட்டும் எண்ணம் வந்தது. இரண்டு முறை தவறாகக் கட்டி, ஒரு நல்ல பந்தையும் கெடுத்து, மூன்றாவது முறை சரியாக அமைந்தது. அந்த மூன்றாவது இயந்திரத்தை நீங்கள் முதல் முறையிலேயே கட்டிவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். இந்த இயந்திரம் அழுக்கை எடுப்பதற்கானது அன்று; கழுவிக் காயவைத்த பந்துக்குப் பளபளப்பு ஏற்றுவதற்கானது. சாக்கில் சிலிக்காவும் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கின்றன. உப்புத்தாளில் இருக்கும் அதே இனத்துத் துகள்கள்தாம் இவை. கழுவாத பந்தை இயந்திரத்தில் போட்டால், உள்ளே ஒட்டிய கம்பளமே ஒரு மணி நேரத்தில் உப்புத்தாளாகிவிடும்.

1. முதலில் பந்தை அறிந்துகொள்ளுங்கள்

அளவுகோலை எடுத்துப் பந்தின் விட்டத்தைப் பாருங்கள். அமெரிக்க முறைப் பூல் பந்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது 57.15 மி.மீ. எடை 156 கிராமிலிருந்து 170 கிராம் வரை இருக்கலாம். ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ. மட்டுமே. கீழே நான் தரும் துளை அளவுகள் எல்லாம் பூல் பந்துக்கு உரியவை; ஸ்னூக்கர் பந்துக்கு அவற்றை அப்படியே பயன்படுத்தினால் பந்து துளைக்குள் ஆடும்.

அடுத்தது, பந்து எதனால் ஆனது என்பது. பெல்ஜியத்தில் செய்யப்படும் அராமித் போன்ற நல்ல பந்துகள் பினாலிக் ரெசின் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனவை; விலை குறைந்தவை பெரும்பாலும் பாலியெஸ்டர். இரண்டையும் இந்த இயந்திரத்தில் போடலாம், ஆனால் பாலியெஸ்டருக்கு நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

சேர்வராயன் மலையின் பழைய தோட்டத்து பங்களாக்களில் யாராவது மரப்பெட்டி நிறையப் பழைய பில்லியர்ட்ஸ் பந்துகளைக் கொண்டுவந்து நீட்டினால் இயந்திரத்தின் பக்கமே போகாதீர்கள். அவை செல்லுலாய்டாக இருந்தால் எளிதில் தீப்பற்றும். மேற்பரப்பில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தந்தப் பொருளை வைத்திருப்பவரிடம் தலைமை வன உயிரினக் காப்பாளர் வழங்கும் உரிமைச் சான்றிதழ் இருக்க வேண்டும். அதை விற்கவும் முடியாது. சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் மெருகேற்றித் தருவதாக ஏற்றுக்கொள்ளாமல் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2. காகித வேலையை முடியுங்கள்

இவ்வளவு சிறிய இயந்திரத்துக்குக் காகிதம் எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். என் செலவில் கிட்டத்தட்ட கால் பங்கு வீணானதற்குக் காரணம் காகிதம் இல்லாததுதான்.

முதலாவது, வரைபடம். லேத் பட்டறைக்குப் போய் வாயால் சொல்லாதீர்கள். நான் "இவ்வளவு நீளம், இவ்வளவு தடிமன்" என்று விரலை விரித்துக் காட்டினேன். பட்டறைக்காரர் அங்குலத்தில் புரிந்துகொண்டார், நான் மில்லிமீட்டரில் நினைத்திருந்தேன். தண்டு பேரிங்கில் நுழையவில்லை. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வரைந்து, எல்லா அளவையும் மில்லிமீட்டரில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பட்டறையில் கொடுத்து மற்றொன்றில் அவரிடமே கூலியையும் தருவதாகச் சொன்ன நாளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கையால் எழுதிய நாள் என்பதால், இரண்டாம் முறை போனபோது வேலை உண்மையாகவே முடிந்திருந்தது.

இரண்டாவது, பழைய மோட்டாருக்கான ரசீது. பழைய பொருள் வாங்கும் இடத்தில் ரசீது தரமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் தேதி, தொகை, "ஓடவில்லையென்றால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தரப்படும்" என்ற ஒரு வரி ஆகியவற்றைக் கேட்டால் பெரும்பாலோர் எழுதித் தருகிறார்கள். என்னுடைய முதல் மோட்டார் மூன்றாம் நாள் புகைந்தது. கையில் சீட்டு இல்லாததால் கடைக்காரர் என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் பேசினார். மற்ற பொருள்களுக்கு, முதலாளியிடம் பணம் திரும்பப் பெற வேண்டியவர் என்றால், ஜிஎஸ்டி எண்ணுள்ள பில்லை அன்றே வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். பந்து ஒவ்வொன்றின் எண், எடை, விட்டம், ஏற்கெனவே உள்ள கீறல் ஆகியவற்றை இயந்திரம் ஓடுமுன் எழுதிவையுங்கள். சமையலறைத் தராசு போதாது, அது ஒரு கிராமுக்குக் கீழ் காட்டாது. நான் பந்துகளைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த ஒரு வெள்ளிக் கடைக்குப் போனேன். கொலுசு நிறுக்கும் கண்ணாடிப் பெட்டித் தராசில் கடைப் பையன் ஒவ்வொரு பந்தாக வைத்து எண்ணை உரக்கச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். எட்டாம் எண் கறுப்புப் பந்தை வைத்தபோது அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்கு எவ்ளோ டச்?" என்று கேட்டான். வெள்ளியின் தூய்மையை அப்படித்தான் கேட்பார்கள், கடையே சிரித்தது. ஆறு மாதம் கழித்து மீண்டும் அதே தராசில் நிறுத்தபோது எந்தப் பந்தின் எடையிலும் குறைவு தெரியவில்லை. இயந்திரம் பந்தைத் தேய்த்துத் தின்னவில்லை என்பதற்கு என்னிடம் உள்ள சான்று அந்த இரண்டு பக்கங்கள்தாம்.

3. எந்த அமைப்பு வேண்டாம், எது வேண்டும்

கொலுசுப் பட்டறைகளில் சுழலும் பஃப் சக்கரத்தை, அதாவது மெருகேற்றும் துணிச் சக்கரத்தைப் பார்த்தே வளர்ந்த ஊர் என்பதால், சேலத்துக்காரர் யாருக்கும் முதலில் தோன்றுவது அந்தச் சக்கரம்தான். எனக்கும் அதுவே தோன்றியது. நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும் மோட்டாரில் எட்டு அங்குலச் சக்கரம் மாட்டினால், அதன் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வேகத்தில் பந்தை உரசும். வெள்ளி அந்தச் சூட்டைத் தாங்கி, உடனே வெளியே கடத்திவிடும். ரெசின் சூட்டைக் கடத்தாது. உரசிய இடத்திலேயே அது தேங்கும். என் நான்காம் எண் ஊதாப் பந்து சில நொடிகளில் ஒரு பக்கம் மங்கி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தட்டையான தழும்பு வாங்கிவிட்டது. விரல் நகத்தால் தடவினால் இன்றும் அந்த விளிம்பு தட்டுப்படுகிறது. உருட்டினால் கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

இரண்டாவதாகப் பலரும் செய்வது, பெயின்ட் வாளிக்குள் கம்பளம் ஒட்டி, அடியில் ஒரு தட்டைச் சுழல விட்டுப் பந்துகளை மொத்தமாகக் கொட்டுவது. அதுவும் வேலை செய்யும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பந்தும் பந்தும் மோதிக்கொண்டே இருக்கும். அறைக்கு வெளியே நின்றாலும் ஓட்டு வீட்டின் மேல் ஆலங்கட்டி விழுவதுபோல் சத்தம் கேட்கும். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது அமைப்பு. கீழே கம்பளம் ஒட்டிய வட்டத்தட்டு மெதுவாகச் சுழலும். அதற்கு மேலே, தொடாமல், பதினாறு துளைகள் கொண்ட பலகை ஒன்று அசையாமல் நிற்கும். ஒவ்வொரு பந்தும் தன் துளைக்குள் உட்கார்ந்து, தன் எடையால் மட்டும் கம்பளத்தின் மேல் அழுந்தி, நின்ற இடத்திலேயே சுழலும். பந்தோடு பந்து தொடுவதில்லை.

4. மோட்டார்: பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின்

சலவைப் பக்கத்து மோட்டார்தான் வேண்டும்; பிழியும் பக்கத்து மோட்டார் அன்று. சலவை மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,350 சுற்று ஓடும். செங்குத்தாகத் தொங்கவிட்டு ஓட்டுவதற்காகவே செய்யப்பட்டது என்பதால் நம் அமைப்புக்கு அப்படியே பொருந்துகிறது. இன்னொரு பெரிய வசதி, அது இரு பக்கமும் சுழலும்; சற்று நேரம் ஒரு பக்கம், நின்று, பிறகு மறுபக்கம். அந்த வேலையைச் செய்யும் 15 நிமிட டைமரையும், கெப்பாசிட்டரையும் சேர்த்தே வாங்குங்கள். மோட்டாரை மட்டும் வாங்கிவிட்டு டைமருக்கு மறுபடி அலையாதீர்கள்.

இந்தத் திசைமாற்றம் ஏன் முக்கியம் என்றால், ஒரே திசையில் தொடர்ந்து சுழலும் பந்து ஒரே அச்சில் சுழன்று, நடுவில் ஒரு பட்டை மட்டும் மின்னி, இரு கன்னங்களும் மங்கலாகவே இருந்துவிடும். வெள்ளைப் பந்தில் இது மிக நன்றாகத் தெரியும். தட்டு நின்று எதிர்ப்பக்கம் திரும்பும்போது பந்து துளையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு உருள்கிறது. அந்த உருளலில் அச்சு சற்று இடம் மாறுகிறது.

மோட்டாரில் மூன்று ஒயர்கள் இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், ரிப்பேர் செய்தவர் மாற்றியிருப்பார். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். எந்த இரண்டுக்கு இடையே மின்தடை மற்ற இரண்டு அளவுகளைப்போல் இருமடங்காக வருகிறதோ, அவை இரண்டும் கெப்பாசிட்டருக்குப் போக வேண்டியவை. மீதமுள்ள ஒன்றுதான் பொது ஒயர். இணைப்பை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால், அதன் முனைகளைத் தொடுமுன் பல்பு மாட்டிய ஹோல்டரின் ஒயர்களை அவற்றில் வைத்து அதை இறக்கிவிடுங்கள்.

கடையிலேயே பத்து நிமிடம் இரு பக்கமும் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். நான் டைமர், கெப்பாசிட்டர், மூடி சுவிட்ச் சேர்த்து 1,500 ரூபாய் கொடுத்தேன்.

5. சேலத்தில் வாங்க வேண்டியவை

ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு நட்டை மறந்தால் அரை நாள் போய்விடும். ஆகவே பட்டியலை எழுதிக்கொண்டு, ஞாயிறு தவிர்த்த ஒரு நாளில், காலை முதல் பேருந்தில் இறங்குங்கள். முதலில் லேத் பட்டறையில் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு மற்ற கடைகளுக்குப் போங்கள், ஏனென்றால் நாள் எடுப்பது அந்த வேலைதான். எனக்கு நான்கு நாள் ஆனது.

பட்டறையில் செய்ய வேண்டியவை மூன்று: 20 மி.மீ. பிரைட் பாரில் (மழமழப்பான உருட்டுக்கம்பி) 200 மி.மீ. நீளத் தண்டு ஒன்று; அதன் தலையில் 100 மி.மீ. அகல ஃபிளேஞ்ச் (தட்டையான வட்டத் தலை), வட்டத்தட்டைப் பிடிக்க நான்கு துளைகளுடன். மோட்டார் தண்டின் அளவுக்குத் துளையிட்ட, ஏ செக்ஷன் (வி வடிவ பெல்ட்டின் ஓர் அளவு) பள்ளம் கொண்ட இரண்டு அங்குலப் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம். தண்டு, ஃபிளேஞ்ச், புல்லி எல்லாவற்றையும் சாவியும் (ஒன்றில் ஒன்று வழுக்காமல் பூட்டும் சிறு இரும்புத் துண்டு) அது உட்காரும் பள்ளமான கீவேயும் வெட்டி இணைக்கச் சொல்லுங்கள். என் இரண்டாவது இயந்திரத்தில் வட்டத்தட்டைத் தண்டின் நுனியில் மரை போட்டு ஒரே நட்டால் இறுக்கியிருந்தேன். ஒரு பக்கம் ஓடும்வரை அது மேலும் இறுகியது. மோட்டார் திசை மாறிய மூன்றாம் சுற்றில் நட்டு கழன்று, தட்டு எழும்பி, பலகையில் முட்டி நின்றது. திசை மாறும் இயந்திரத்தில் மரையை மட்டும் நம்பக் கூடாது என்பதை அன்று கூலி கொடுத்துக் கற்றேன். இந்த மூன்றுக்கும் 1,200 ரூபாய் ஆனது.

பேரிங் கடையில் யூசிஎஃப் 204 என்று கேளுங்கள். இது 20 மி.மீ. தண்டுக்கான, நான்கு போல்ட் துளையுள்ள சதுர வடிவ பேரிங். இரண்டு வேண்டும், 750 ரூபாய். அதே கடையிலோ அடுத்ததிலோ பன்னிரண்டு அங்குல ஏ செக்ஷன் புல்லி கிடைக்கும். வார்ப்பிரும்பு வேண்டாம், அலுமினியம் வாங்குங்கள். சில சில நொடிக்கு ஒருமுறை நின்று திரும்பும் மோட்டாருக்குக் கனமான புல்லி பெரும் சுமை. என் முதல் மோட்டார் புகைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அலுமினியப் புல்லி 850 ரூபாய்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வாஷிங் மெஷினோடு வரும் சிறிய புல்லியையும் அதன் பெல்ட்டையும் அப்படியே பயன்படுத்தலாம் என்று தோன்றும். அந்த பெல்ட் ஏ செக்ஷனைவிடக் குறுகலானது. பெரிய புல்லியின் பள்ளத்தில் அடிவரை இறங்கி வழுக்கும். இரண்டு புல்லியும் பெல்ட்டும் ஒரே செக்ஷனாக இருக்க வேண்டும். பெல்ட்டை முதல் நாளே வாங்காதீர்கள். எல்லாம் பொருத்திய பிறகு ஒரு கயிற்றைச் சுற்றி அளந்து வாங்குங்கள். தண்டுக்கும் மோட்டாருக்கும் மையத்துக்கு மையம் 260 மி.மீ. வைத்த எனக்கு ஏ 43 பொருந்தியது, 220 ரூபாய்.

இரண்டுக்குப் பன்னிரண்டு என்றால் ஆறுக்கு ஒன்று. 1,350-ஐ ஆறால் வகுத்தால் தட்டின் வேகம் நிமிடத்துக்கு 225 சுற்று. ஆறு அங்குலப் புல்லி போதும், விலையும் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 450 சுற்றில் பந்துகள் துளையிலிருந்து எம்பி எம்பிக் குதித்தன, கையில் எடுத்தபோது சுட்டன.

பிளைவுட்டில் தண்ணீரைத் தாங்கும் பிடபிள்யூபி வகை, அதாவது ஐஎஸ் 710 முத்திரை உள்ளது வாங்குங்கள். முழுத் தாள் தேவையில்லை. மரக்கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை எடைக்கோ பேச்சுக்கோ தருவார்கள். எனக்கு 900 ரூபாய். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை சேலத்து வெயிலில் தாங்கலாம். ஏற்காட்டில் ஒரு மழைக்காலம் தாண்டாது, ஓரம் அப்பளம்போல் பொங்கிவிடும்.

கம்பளம் 300, இரண்டு மி.மீ. ஃபெல்ட் துணி 200, இரண்டரை அங்குல ஹோல்சா (வட்டத் துளை வெட்டும் ரம்பம்) 450, ஒயர், சுவிட்ச், எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) எல்லாம் 600, நட்டு போல்ட் திரெட் ராடு (முழுநீளமும் மரையிட்ட கம்பி) 350. ஆக மொத்தம் 7,320 ரூபாய். இதில் நான் கெடுத்த பந்தும் முதல் மோட்டாரும் சேரவில்லை.

6. அடிப்பலகையும் தட்டும்

அடிப்பலகை 18 மி.மீ. பிளைவுட்டில் 600-க்கு 450 மி.மீ. அதை 300 மி.மீ. உயரக் கால்களில் நிறுத்துங்கள். ஒரு முனையிலிருந்து 225 மி.மீ. தள்ளித் தண்டின் மையம். பேரிங் ஒன்றைப் பலகையின் மேலும் மற்றொன்றை நேர் கீழும் வைத்து, இரண்டையும் ஒரே நான்கு 10 மி.மீ. போல்ட்டுகளால் சேர்த்து இறுக்குங்கள். தண்டை நுழைத்து, கையால் சுற்றி, தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பேரிங்கின் கிரப் ஸ்க்ரூக்களை (தண்டைப் பிடிக்கும் சிறு திருகுகள்) இறுக்குங்கள். மோட்டாரைப் பலகைக்கு அடியில், தண்டு கீழ்நோக்கி இருக்குமாறு தொங்கவிடுங்கள். அதன் போல்ட் துளைகளை 25 மி.மீ. நீள்துளைகளாக வெட்டினால் பெல்ட்டை இழுத்து இறுக்க இடம் கிடைக்கும்.

வட்டத்தட்டு 380 மி.மீ. விட்டம், 18 மி.மீ. கனம். இதை வெட்டித் தண்டில் மாட்டியதும் கம்பளம் ஒட்ட அவசரப்படாதீர்கள். ஒரு பென்சிலைத் தட்டின் மேல்முகத்துக்கு மிக அருகில் அசையாமல் பிடித்துக்கொண்டு கையால் சுற்றுங்கள். உயர்ந்த இடத்தில் மட்டும் கோடு விழும். ஃபிளேஞ்சுக்கும் தட்டுக்கும் நடுவே, கோடு விழுந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம், தாளை மடித்துச் சொருகி, ஏற்ற இறக்கம் ஒரு மி.மீ.க்குள் வரும்வரை சரிசெய்யுங்கள். எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் இதற்கே போனது. இதைச் செய்யாத தட்டில் பந்துகள் சுழலாமல் துள்ளும்.

கம்பளம் குட்டை முடியுள்ள நைலானாக இருக்கட்டும். வளையம் வளையமாக நூல் நிற்கும் வகையும் தேங்காய் நார் விரிப்பும் கூடாது. கம்பளத்தை நேரடியாகத் தட்டில் ஒட்டாமல், தட்டில் வெல்குரோ பட்டைகளை ரப்பர் பசையால் ஒட்டி, கம்பளத்தைக் கழற்றக்கூடியதாக வையுங்கள். இரண்டு கம்பள வட்டங்கள் வேண்டும்: ஒன்று பாலிஷ் தடவியது, மற்றொன்று உலர்ந்தது. பசை காய ஒரு முழு நாள் விடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள்.

7. துளைப் பலகை

இதுதான் இயந்திரத்தின் உயிர். 12 மி.மீ. பிளைவுட்டில் 450 மி.மீ. சதுரம் வெட்டி, மையத்திலிருந்து 145 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டமும் 70 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டமும் வரையுங்கள். வெளிவட்டத்தில் சம இடைவெளியில் பதினொரு துளைகள், உள்வட்டத்தில் ஐந்து. பதினாறு பந்தும் ஒரே முறையில் அடங்கிவிடும். இரண்டரை அங்குல ஹோல்சா 63.5 மி.மீ. துளை போடும், உட்சுவரில் இரண்டு மி.மீ. ஃபெல்ட் ஒட்டினால் 59.5 மி.மீ. மிஞ்சும். பந்துக்குச் சுற்றிலும் ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாக இடைவெளி கிடைக்கிறது, அது போதும். ஹோல்சாவைப் பாதிவரை மேலிருந்து ஓட்டி, பிறகு பலகையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து முடித்தால் அடிப்பக்கம் சிராய் பெயராது.

பலகையை நான்கு மூலைகளிலும் 8 மி.மீ. திரெட் ராடில், மேலும் கீழும் நட்டு வைத்து நிறுத்துங்கள். உயரம் சரியாக வர வேண்டும். பந்தின் நடுவயிறு கம்பளத்திலிருந்து 28.5 மி.மீ. உயரத்தில் இருக்கும், பலகையின் கனத்தின் நடுப்பகுதி அந்த உயரத்துக்கு வரவேண்டும். ஆகவே பலகையின் அடிமுகத்துக்கும் கம்பளத்துக்கும் இடையே 22 மி.மீ. விடுங்கள். இதைவிடத் தாழ்ந்தால் பந்து பலகையின் மேல் ஏறப் பார்க்கும். உயர்ந்தால் துளையின் கீழ் விளிம்பு பந்தை அழுத்திக் கோடு போடும்.

சுற்றிலும் பலகை அடைத்து, மேலே மூடி போட்டு, பிழியும் பக்கத்திலிருந்து கழற்றிய மூடி சுவிட்சை மோட்டாருக்குப் போகும் லைனின் நடுவே, தொடராக, இணைத்துவிடுங்கள். மூடி திறந்தால் மோட்டார் நிற்க வேண்டும். பெல்ட் பக்கத்துக்கும் ஒரு தகடு அவசியம். விடுதியில் குழந்தைகள் வருவார்கள்.

8. மின் இணைப்பு

மூன்று முனை பிளக், மோட்டார் உடலுக்கும் பேரிங்குக்கும் எர்த், முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). ஒயரிங் தெரியாதவர் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள். செலவு என்று பார்த்தால் கால் குதிரைத்திறன் மோட்டார் இருபது நிமிடம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. மலையில் மாலை நேரத்தில் வோல்டேஜ் தாழும்போது மோட்டார் உறுமிக்கொண்டு திரும்பாமல் நிற்கும். அப்போது உடனே அணையுங்கள், காயில் கருகுவது அந்த நேரத்தில்தான். நான் காலை பத்து மணிக்குத்தான் ஓட்டுகிறேன்.

9. முதல் ஓட்டம்

முதலில் பந்து இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு நீங்கள் இழக்கத் தயாராக உள்ள ஒரே ஒரு பழைய பந்தை வெளிவட்டத்துத் துளையில் போட்டு ஐந்து நிமிடம். எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், சுடக் கூடாது.

எல்லாப் பந்தையும் போடும் நாளில் முதலில் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மென்துணியால் ஒவ்வொன்றாகக் கழுவி, துடைத்து, அரை மணி நேரம் காயவிடுங்கள். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிப்பான், ப்ளீச்சிங் பொடி, பித்தளை துலக்கும் பாலிஷ், கார் கீறல் எடுக்கும் ரப்பிங் காம்பவுண்ட் ஆகிய எதையும் பந்தின் பக்கம் கொண்டுவராதீர்கள். பந்துக்கென்றே விற்கும் கிளீனரோ, உராய்பொருள் இல்லாத பிளாஸ்டிக் பாலிஷோ போதும். புதுக் கம்பளத்தில் முதல் முறை ஒரு தேக்கரண்டி. அதன்பின் ஒவ்வொரு முறையும் நான்கைந்து சொட்டு. கூடுதலாக விட்டால் பளபளப்பு கூடாது, பிசுபிசுப்புதான் கூடும். கார் மெழுகும் வேண்டாம்: முதல் ஒன்றிரண்டு ஆட்டங்களுக்குப் பந்துகள் வழக்கத்துக்கு மாறாக வழுக்கி, அடிப்பவர் கணக்கையெல்லாம் தவறாக்கும்.

பாலிஷ் கம்பளத்தில் பத்து நிமிடம். நடுவில், ஐந்தாம் நிமிடத்தில், நிறுத்தி ஒவ்வொரு பந்தையும் கையால் கால் திருப்பம் திருப்பிவிடுங்கள். வெளிவட்டத்துத் துளையின் அடியில் கம்பளம் உள்வட்டத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் ஓடுகிறது என்பதால், உள்ளே உள்ள ஐந்துக்கும் பாதி வேலைதான் நடந்திருக்கும். அவற்றை வெளியே உள்ள ஐந்தோடு இடம் மாற்றுங்கள். வெள்ளைப் பந்தை எப்போதும் வெளிவட்டத்திலேயே விடுங்கள், அதிகம் அடிபடுவதும் அழுக்காவதும் அதுதான். அடுத்து உலர்ந்த கம்பளத்தை மாற்றி ஐந்து நிமிடம். அதோடு டைமரின் பதினைந்து நிமிடம் முடியும்; மோட்டார் ஆற அரை மணி நேரம் கொடுக்காமல் அடுத்த சுற்று ஓட்டாதீர்கள். பந்துகளை மைக்ரோஃபைபர் துணியால் ஒருமுறை துடைத்தால் வேலை முடிந்தது.

பிரேக், அதாவது ஆட்டத்தின் முதல் அடி, அடிக்கும்போது மேசைத் துணியில் உரசிச் சூட்டால் விழும் சிறு வெண்புள்ளிகள் இதில் முழுவதும் போகா. அவை அழுக்கல்ல, மேற்பரப்பே கருகிய இடங்கள். அவற்றைப் போக்க வேண்டும் என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சுற்றியுள்ள நல்ல பரப்பும் தேயும்.

10. எவ்வளவு நாளுக்கு ஒருமுறை

வாரம் ஒருமுறை கையால் கழுவுவதும் மாதம் ஒருமுறை இயந்திரத்தில் போடுவதும் எங்களுக்குச் சரியாக இருக்கிறது. மே மாதக் கோடை விழாவுக்கு முன்னும் பின்னும் மட்டும் கூடுதலாக ஒருமுறை ஓட்டுகிறேன், அந்த நாள்களில் மேசை இரவு பதினொரு மணிவரை ஓய்வதில்லை. மேசைத் துணியையும் அதே நாளில் பிரஷ் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் முதல் ஆட்டத்திலேயே பழைய சாக்பொடி முழுவதும் புதுப் பந்தில் ஏறிவிடும்.

முதல் வரைபடத்திலிருந்து முதல் சரியான ஓட்டம்வரை, பொருள் வாங்க இரண்டு பயணம், பட்டறைக்கு நான்கு நாள், பசைக்கு இரண்டு நாள் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நாள் ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்கினால் இன்னும் ஒரு வாரம் கூடும். கம்பள வட்டங்களை நான்கு முறைக்கு ஒருமுறை சோப்பு நீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். ஏற்காட்டில் அந்த மாதங்களில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நான் அவற்றைச் சுருட்டிப் பையில் போட்டு, சாமான் வாங்கச் சேலத்துக்கு இறங்கும் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் கீழே தன் வீட்டு மொட்டை மாடியில் காயவைத்து, மாலையில் காய்கறியோடு மேலே கொண்டுவருகிறார்.